சோலார் பலகையில் விழுந்த நிழல்

"போச்சு! இன்னைக்கும் படுத்துடுச்சு!"

மொட்டை மாடியிலிருந்து மேனேஜர் போட்ட சத்தத்தில், அவர் மனைவி கையில் மாவோடு முற்றத்துக்கு ஓடிவந்தாள்.

"ஐயோ, யாருக்கு என்ன ஆச்சு?"

"கரண்ட்டுக்கு!"

"அட கஷ்டமே" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு இப்போது சோலார் பலகைகள்தான் உலகம். மதியத் தூக்கம் கலைந்ததும், தலையில் வெயில் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் குடையை விரித்துக்கொண்டு மாடியேறிவிடுவார். செல்போனில் மின்சார அளவைப் பார்ப்பார். காலையிலிருந்து ஜோராக ஏறிய கோடு, அந்த நேரம் பார்த்துப் பொத்தென்று விழும்.

பலகை மாட்டிய மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"எங்கேயோ நிழல் விழுதுங்க சார். ஒரு பலகையில விழுந்தாலும் மொத்த வரிசையும் படுத்துக்கும்."

மேனேஜர் மேற்கே திரும்பினார். பக்கத்து வீட்டுத் தையல்காரரின் வாதாம் மரம் தெரிந்தது. மாட்டினான் திருடன்!

அந்த மரத்தடியில்தான் தையல்காரர் மெஷின் போட்டிருந்தார். சாயங்காலம் இருவரும் டீயும் ஊர்க்கதையுமாக உட்காருவதும் அங்கேதான்.

"மரத்தை எடுத்துடுப்பா."

"விளையாடுறியா? இந்த நிழல்லதானே என் பொழப்பே ஓடுது."

"அதே நிழல்லதானே என் கரண்ட் போகுது!"

"சிநேகிதன் கேட்டா எடுத்துத்தானே ஆகணும்" என்று தையல்காரர் எழுந்துகொண்டார். மறுநாள் ஆள் வைத்து மரத்தை வெட்டினார். அதற்குப் பிறகு பேசவில்லை.

மரம் போயும் கோடு நிமிரவில்லை. மாடிதான் அடுப்பாகத் தகித்தது. மேனேஜர் இன்னும் பெரிய குடையாக வாங்கினார். கோடு இன்னும் ஆழமாக விழுந்தது.

தண்ணீர்த் தொட்டிமேல் சந்தேகம் வந்தது. அதை நகர்த்தினார்; குளியலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. துணிக்கொடியை அவிழ்த்தார், ஈரத்துணியெல்லாம் சோபாவில் ஏறிக்கொண்டது. எங்கிருந்துதான் நிழல் வருகிறது என்று, பலகைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கு வானத்தை முறைத்தபடி வெகுநேரம் நின்றார். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"மரத்தடியில நல்லா இருந்த மனுஷனை வெயில்ல உட்கார வெச்சுட்டீங்க" என்றாள் மனைவி. "போய் மன்னிப்புக் கேளுங்க."

அவருக்கும் மனசு அடித்துக்கொண்டது. சாயங்கால டீ ருசிக்கவில்லை. தனியாக உட்கார்ந்து குடிக்கிற டீ ஒரு டீயா? இரண்டு தடவை பக்கத்து வீட்டு கேட் வரை போய்விட்டு வெட்கத்தில் திரும்பினார். மூன்றாவது தடவை உள்ளே நுழைந்துவிட்டார்.

மரம் இருந்த இடத்தில் அடிக்கட்டை மட்டும் இருந்தது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தையல்காரர் வெயிலில் தைத்துக்கொண்டிருந்தார்.

"தப்புப் பண்ணிட்டேம்பா. உன் மரத்து மேல எந்தக் குத்தமும் இல்ல. அநியாயமா வெட்ட வெச்சுட்டேன்."

மெஷின் நின்றது.

"அது கிடக்கட்டும், உட்காரு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றார் தையல்காரர். "மரம் இருந்தவரைக்கும் உன் மாடி எனக்குத் தெரியாது. இப்போ பளிச்சுனு தெரியுது. தினம் மத்தியானம் அவ்ளோ பெரிய குடையை விரிச்சுக்கிட்டு, வெயிலுக்கும் பலகைக்கும் நடுவுல நின்னு எதைத்தான் தேடுற?"