கருவாட்டோடு காய்ந்த நாற்காலிகள்

பொறியியல் படித்தவன் தவறு செய்வதில்லை. அவனுடைய அவசரம்தான் செய்கிறது. எழுபதுகளில் தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்தருகே நான் ஓர் அலுவலகம் கட்டிய வரலாற்றை என் பேரப்பிள்ளைகள் கண், காது, மூக்கு வைத்துப் பரப்பி வருவதால், நானே முறைப்படி எழுதிவைக்கிறேன்.

உரிமையாளர் கஸ்பார் அண்ணாச்சி, கப்பல் முகவர்.

"கப்பல் வாரதுக்கு முந்தி ஆபீஸத் தெறந்துரணும் வே. இல்லேன்னா நம்ம மானம் அதே கப்பல்ல ஏறிரும்" என்றார். சொன்னபடி முடித்தால், அடுத்துச் சரக்கு வைக்கும் கிட்டங்கி கட்டும் வேலையும் எனக்கே.

ஒரு வேலைக்காக மறு வேலை காத்திருக்கலாகாது என்று ஆணையிட்டேன். (பெயர்ப்பலகை சுவருக்கு முன்பே வந்து, உடைமரத்தில் சாய்ந்து காத்திருந்தது.)

எல்லாம் முடிந்தது. வார்னிஷ் அடித்த மடக்கு நாற்காலிகள் மட்டும் காயவில்லை, மறுநாள் திறப்புவிழா. கடற்கரையில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. மீனையே உலர்த்தும் காற்று மரத்தை உலர்த்தாதா? நாற்காலிகளைக் கருவாட்டுக்கு நடுவே வரிசையாக வைத்தேன்.

"என்ன சார்வாள், மீனெல்லாம் உக்காந்து காயணுமோ?" என்றாள் கருவாட்டுக்காரி மிக்கேலம்மாள்.

"உன் வேலையைப் பார்" என்றேன், கம்பீரமாக.

மாலையில் நாற்காலிகளில் மணலும் செதிலும் ஒட்டியிருந்தன. அவற்றை மறைக்க, மேலே இன்னொரு பூச்சுக் கொடுக்கச் சொன்னேன்.

மறுநாள் காலை பங்குச்சாமியார் கட்டடத்தை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்தார். வெள்ளை வேட்டிப் பிரமுகர்கள் அமர்ந்திருந்தனர். ஜெபம் தொடங்கியதும் அனைவரும் எழுந்தனர். நாற்காலிகளும் எழுந்தன.

"ஏலே, யாரும் இழுக்காதீயலே, வேட்டி வந்துரும்" என்று பல்லைக் கடித்தபடியே அண்ணாச்சி சிலுவை போட்டுக்கொண்டார்.

அந்நேரம் பார்த்து, அன்று காலை முன்னதாகவே கரைசேர்ந்துவிட்ட அந்தக் கப்பலின் வெளிநாட்டுக் கேப்டன் உள்ளே நுழைந்தார். ஊர்ப் பெரியவர்கள் நாற்காலியைப் பின்னால் சுமந்து, குனிந்து ஜெபிப்பதைக் கண்டார். சற்றே தயங்கினார். பிறகு, சுவரோரம் இருந்த நாற்காலி ஒன்றை எடுத்துத் தம் பின்புறத்தில் பிடித்துக்கொண்டு, அதே பணிவோடு குனிந்து நின்றார்.

முதலில் சிரித்தவர் சாமியார். அதன்பின் ஜெபம் நடக்கவில்லை.

நான் கதவோரம் நழுவினேன். அண்ணாச்சி நாற்காலியோடு வந்து மறித்தார். கண்ணில் நீர்.

"சிரிச்சு சிரிச்சு வயிறு நோவுது வே. கிட்டங்கியையும் நீரே கட்டும். நாக்காலி மட்டும் நான் வாங்கிக்கிடுதேன்."

கிட்டங்கி இன்றும் உறுதியாக நிற்கிறது; அதைப் பற்றி என் வீட்டில் யாரும் பேசுவதில்லை. விசேஷங்களில் நான் எழுந்தால் பேரப்பிள்ளைகள் அத்தனை பேரும் நாற்காலியைப் பின்னால் பிடித்துக்கொண்டே எழுகிறார்கள். சென்ற மாதம் விருந்துக்கு வந்த புதுமாப்பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்தார்; குடும்ப வழக்கம் போலும் என்று தாமும் நாற்காலியோடு எழுந்தார்.

நான் திருத்தவில்லை.