கூலிங் கிளாஸ் போட்ட அட்டை

உலகத்து மனிதர்கள் அத்தனை பேரையும் அட்டையண்ணன் இரண்டே ரகமாகப் பிரித்து வைத்திருந்தார். ஒன்று, பத்திரிகை அட்டையில் போடக்கூடிய முகம். இன்னொன்று, உள்பக்கம். இதில் தாட்சண்யமே கிடையாது. எனக்குப் பார்த்த மாப்பிள்ளையின் போட்டோவை ஆசை ஆசையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரே ஒரு பார்வைதான். “உள்பக்கமுங்க கண்ணு. அதுவும் கறுப்பு வெள்ளை” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த உள்பக்கத்தைத்தான் கட்டிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறேன்.

காதர்பேட்டையில் ஒரு பனியன் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். பின்னலாடைத் தொழிலுக்கான மாத இதழ். நான் உதவி ஆசிரியை, அவர் அட்டை வடிவமைப்பவர். அவருடைய நிஜப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

அட்டைக்கென்று அவரிடம் தனிச் சட்டமே இருந்தது. இதழின் பெயர் உச்சியில்தான் வர வேண்டும். கடையில் கயிறு கட்டி கிளிப் மாட்டித் தொங்கவிடும்போது மேல்பாதி மட்டும்தானே தெரியும்? ஆளின் உச்சந்தலை அந்தப் பெயரை லேசாக மறைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு கண்ணும் வாங்குகிறவரை நேராகப் பார்க்க வேண்டும். “நம்ம மூஞ்சியப் பாக்காத பத்திரிகைய எவனுங்க காசு குடுத்து வாங்குவான்?” என்பார்.

இதழின் பெயருக்கு ஒரு சிவப்பு. அது மாதாமாதம் மாறுகிறது என்று அச்சகத்தோடு ஓயாத சண்டை. ஒருமுறை அட்டையின் மாதிரிப் பிரதியைத் தூக்கிக்கொண்டு வீரபாண்டி சாயப்பட்டறைக்கே போய்விட்டார். அங்கிருந்த டையிங் மாஸ்டர் சிவப்பைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பழக்க தோஷத்தில் அதைச் சோப்புத் தண்ணீரில் முக்கிக் கசக்கியும் பார்த்திருக்கிறார். திரும்பி வந்தவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. “சாயம் போகலீங்க. அட்டைதான் போயிருச்சு.”

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரு தீபாவளி மலரில் சோதனை வந்தது. பத்திரிகை நஷ்டத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த நேரம். “இந்த மலரு கைகொடுக்கலீன்னா மூடிருவேனுங்க” என்று முதலாளி சொல்லிவிட்டார். அப்போது ஓர் ஏற்றுமதியாளர் வந்தார். கலர் பக்கம் முழுக்க அவருடைய விளம்பரம். பதிலுக்கு அட்டையில் அவருடைய படம். ஆனால் மனிதர் கூலிங் கிளாஸைக் கழற்றவே மாட்டாராம்.

“கண்ணு தெரியோணுங்க. கழட்டச் சொல்லுங்க” என்றார் அட்டையண்ணன்.

“இது இல்லீன்னா எம் பொண்டாட்டிக்கே என்னைய அடையாளந் தெரியாதுங்க” என்றார் ஏற்றுமதியாளர்.

முதலாளி அழாத குறை. “ஏனுங்க, ரெண்டு கண்ணுக்காக இத்தன பேரு பொழப்பக் கெடுக்கறீங்களே!”

அட்டையண்ணன் அந்தக் கறுப்புக் கண்ணாடியையே உற்றுப் பார்த்தார். பிறகு ஏற்றுமதியாளரை அவருடைய கம்பெனித் தையல் கூடத்துக்கே கூட்டிக்கொண்டு போனார். நானும் ஓடினேன். அவரை நடுவில் நிறுத்தி, தான் கேமராவோடு எதிரே நின்றுகொண்டு, “மெஷின விட்டுட்டு எல்லாரும் எம் பின்னால வந்து நில்லுங்க! பையா, இதர் ஆவோ! அவரு கண்ணாடியப் பாருங்க!” என்று வடமாநிலத் தொழிலாளர்களுக்காக இந்தியும் கலந்து கூவினார். அறுபது பேர் சிரித்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கியதும் நான் வாயைப் பிளந்துவிட்டேன். இரண்டு கண்ணாடியிலும் கூடம் முழுக்க நிற்கிறது! அத்தனை கண்ணும் நம்மையே பார்க்கிறது. நட்டநடுவில் கேமராவும் தொப்பையுமாக அட்டையண்ணன். அவர் அவசரமாகத் தன்னை அழிக்கப் போனார். “அட்ட போடறவன் அட்டையில வரப்படாதுங்க கண்ணு.”

நான் மௌஸைப் பிடுங்கிக்கொண்டேன். “அழிச்சீங்கன்னா நான் வேலைக்கே வரமாட்டேனுங்ணா!”

மலர் வெளிவந்த அன்று கடைகளில் தள்ளுமுள்ளு. “எடது கண்ணாடியில, தூணுகிட்ட பாருங்க, நாந்தேன்!” என்று கூடத்து ஆட்கள் ஒவ்வொருவரும் ஊருக்கு அனுப்பப் பத்து, ஊட்டுக்கு ஒன்று என்று வாங்கினார்கள். மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. “எம் மூஞ்சிக்கு இவ்வளவு மவுசாங்க!” என்று ஏற்றுமதியாளர் பூரித்துப்போய் அடுத்த வருஷ விளம்பரத்துக்கும் சேர்த்து ஒப்புக்கொண்டார். முதலாளி எங்கள் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

அந்த அட்டையைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் யார் இந்தக் கூலிங் கிளாஸ்காரர் என்று கேட்கிறார்கள். “அவரு யாரோ ஒருத்தருங்க. கிட்ட வந்து கண்ணாடிக்குள்ள பாருங்க. தொப்பையோட நிக்கறாரே, அவருதான் எங்கண்ணன்” என்பேன்.