கபிரியேலுக்கு எதுக்கு மோட்டார்?

ஏரோப்ளேன் செய்துவிடுவது என்று கிறிஸ்டோபர் முடிவெடுத்தான்.

முடிவெடுத்தபோது அவன் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் சென்னையில் இறங்கப்போகிற விமானம் ஒன்று தலைக்கு மேல் தாழ்வாகப் போனது. தினமும் போகிறதுதான். தினமும் அவன் அப்படியே உறைந்துபோவதும் உண்டு. அத்தனை பெரிய இரும்பு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, அவசரமே இல்லாமல் போகிறதே! அதை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? பக்கத்து சீட்டில் ஜெயக்குமார் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். கிறிஸ்டோபர் வாயைப் பிளந்து விழித்திருந்தான். வித்தியாசம் அவ்வளவுதான்.

செய்முறையெல்லாம் போனில் கிடைத்தது. ஃபோம் போர்டை வெட்டி, மடித்து, ஒட்டி, மூக்கில் ஒரு மோட்டாரை மாட்டி ரிமோட்டில் பறக்கவிடலாம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்றே வந்த விமானம். எந்தத் தடையும் இல்லை, கலையரசியைத் தவிர.

கலையரசி அவன் மனைவி. காந்தி ரோட்டில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் விற்பனைக்கு நிற்கிறாள். வருகிறவர் வாங்குவாரா, விரித்துப் பார்த்துவிட்டு எழுந்து போவாரா என்பது அவர் செருப்பைக் கழற்றும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தும் முகம் மாறாமல், சிரிப்பு குறையாமல், அலமாரியையே காலி செய்து விரித்துக்காட்டுவாள். அந்த முகத்துக்குக் கடையில் தனி மதிப்பு.

போன கோடையில் கிறிஸ்டோபர் மிக்ஸி மோட்டாரைக் கழற்றி ஏர் கூலர் செய்தான். காற்றும் வரவில்லை, சட்னியும் வரவில்லை. அன்றே தீர்ப்பு வந்தது: "இனிமே இந்த வூட்டுல மோட்டாரு வெச்ச எதையும் நீ தொடக்கூடாது." ஆகவே ஏரோப்ளேன் ஏரோப்ளேனாக வீட்டுக்குள் நுழைய முடியாது.

"இன்னாபா இது, வூடு பூரா அட்டை?"

"குடில்மா. கிறிஸ்துமஸ் வருதில்ல? இந்த வருசம் நம்ம வூட்லயே செய்யலாம்னு..."

கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தது, ஏசு பிறந்த மாட்டுத்தொழுவத்தைப் பொம்மைகளோடு வைக்கிற அந்தக் குடில்தான். முகம் மலர்ந்துபோயிற்று. அந்த முகத்தைப் பார்த்ததும் கிறிஸ்டோபரை மனசாட்சி குத்தியது. அதற்குள் கட்டர் கத்தி விரலைக் குத்திவிட்டதால் மனசாட்சியைக் கவனிக்க நேரமில்லை.

இறக்கைதான் முதலில் தயாரானது. தட்டையான அட்டையில் ஒரு பக்கக் காகிதத்தை உரித்து, கோடு கீறி, உள்ளே ஒரு சட்டம் வைத்து மடித்தால், மேல்பக்கம் மெல்ல வளைந்துகொண்டது. மடித்து முடித்துத் தூக்கிப் பிடித்தான். ஃபேன் காற்றில் அது அவன் கையிலிருந்து லேசாக எழும்பியது. அட்டை எழும்பியது! கிறிஸ்டோபருக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஃபேனை நிறுத்தினான். இறங்கியது. போட்டான். எழும்பியது.

"இன்னாத்துக்கு ஃபேனப் போட்டுப் போட்டு அணைக்கிற? அது இன்னா?"

"ரெக்கை."

"யாருக்கு?"

"கபிரியேல் சம்மனசுக்கு. குடிலு மேல நிக்கிற தேவதூதரு."

கலையரசி இரண்டு கையையும் விரித்து அளந்து பார்த்தாள். இறக்கை கொஞ்சம்தான் சின்னது.

"சம்மனசு இன்னாபா கழுகு மாரி இருக்காரு?"

"வானத்துலருந்து வர்றாரில்ல. தூரம் ஜாஸ்தி."

"செரி. ரெக்கை வந்துடுச்சி. குடில் எங்க?"

இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டான். இறக்கைக்காக அவன் ஒரு கூரை செய்யவேண்டி வந்தது. வால் செய்தபோது தீவனத்தொட்டியும் செய்தான். பழைய ஏடிஎம் கார்டை வெட்டி, வால் மடலை அசைக்கும் கொக்கி செய்து, சைக்கிள் போக்ஸ் கம்பியால் இணைத்தான். கம்பியை இழுத்தால் மடல் தலையாட்டியது. அதைப் பார்த்து அவன் மெய்மறந்திருந்தபோது அவள் வந்து, "மாடு எங்கபா?" என்றாள். மாடு செய்தான்.

மோட்டார் மாட்டிய அன்றுதான் சம்மனசுக்கே சம்மன் வந்தது.

"கபிரியேலுக்கு எதுக்கு மோட்டாரு?"

"ரெக்கை அடிக்கணுமில்ல?"

"ரெக்கை அடிக்கறதுக்கு மூக்குல மோட்டாரு வெப்பாங்களா?"

பதிலுக்குப் பதிலாக குழந்தை ஏசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களையும் ஒட்டகங்களையும் செய்துகொடுத்தான்.

கடைசி வேலை எடை பார்ப்பது. இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் நுனியை வைத்துத் தூக்கினால் மொத்த விமானமும் துலாக்கோல் மாதிரி நிற்கவேண்டும். நிற்கவில்லை, வால் தொங்கியது. பேட்டரியை முன்னே நகர்த்தினான். இன்னும் கொஞ்சம். சட்டென்று மூக்கு சற்றே தாழ்ந்து, இரண்டு விரல்மேல் அது அசையாமல் நின்றது. கிறிஸ்டோபர் மூச்சு விடவில்லை.

"இன்னா பண்ற?"

"சம்மனசுக்கு மயக்கம் கியக்கம் வருதான்னு பாக்கறேன்."

"பாரு, பாரு," என்றாள் கலையரசி, சிரிப்பு குறையாமல்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வந்ததும், சம்மனசை ஃபாதரிடம் மந்திரித்துக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பினான். வாசலிலேயே சிக்கல். அவ்வளவு பெரிய இறக்கையோடு ஒற்றை ஆளாக ஸ்கூட்டர் ஓட்ட முடியாது.

"நா பின்னால புடிச்சிக்கினு வர்றேன்," என்று ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி வேகமெடுத்ததும் பின்பாரம் குறைந்தமாதிரி இருந்தது. சம்மனசு கலையரசியையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாரோ என்று கண்ணாடியில் ஒருதடவை பார்த்துக்கொண்டான். இருந்தாள்.

"கோயில் அந்தப் பக்கம்பா."

"தெரியும்."

"சம்மனசு மொதல்ல ஐயம்பேட்டைக்குப் போறாரா?"

"அங்க... காத்து நல்லாருக்கும்."

ஐயம்பேட்டைக்கு அப்பால், மனை போட்டு யாரும் வீடு கட்டாத வெட்டவெளியில், மழைக்கு முழங்கால் உயரம் புல் மண்டிக் கிடந்தது. வண்டியை நிறுத்தினான்.

"கலை, இது சம்மனசு இல்ல."

"அப்டியா?"

"ஏரோப்ளேனு."

"அப்டியா! செரி, வுடு பாக்கலாம்."

ஒரு திட்டு இல்லை. கிறிஸ்டோபருக்கு உடம்பு லேசாயிற்று. மோட்டாரை முடுக்கி, வலது கையால் வீசி எறிந்து, ரிமோட்டில் மேலே ஏற்றினான். அது நேராகக் கீழே போய்ப் புல்லில் மூக்கைக் குத்தியது. ஓடிப்போய்ப் பார்த்தால் தப்பு விமானத்தில் இல்லை. மேலே இழுத்தால் கீழே போகும்படி ரிமோட்டில் ஒரு சுவிட்சைத் தலைகீழாக வைத்திருந்தான். சரி செய்தான். மூக்குக்கு டேப் சுற்றினான்.

"இந்தவாட்டி நா வீசறேன்," என்றாள் அவள். "ரெண்டு வேலைய ஒரு ஆளு செஞ்சா இப்டிதான்."

வீசினாள்.

அது போயிற்று.

போய்க்கொண்டே இருந்தது. புல்லைத் தாண்டி, எல்லைக் கற்களைத் தாண்டி, பனைமரத்து உயரத்தைத் தாண்டி, அவர்கள் வீட்டுக் கூடத்தில் கிடந்த அட்டை வெயிலுக்குள் ஏறியது. வெளிச்சம் ஊடுருவி இறக்கை பால்போலத் தெரிந்தது. தூரத்தில் கோபுர உச்சி சின்னதாக நின்றது, அதற்கு மேலே இது. கொக்குக்கூட்டம் ஒன்று பார்த்துவிட்டு வழிவிட்டு விலகிப் போனது. தன் கட்டைவிரல் அசைந்தால் அங்கே வானத்தில் ஒன்று சாய்கிறது என்பதைக் கிறிஸ்டோபரால் நம்பவே முடியவில்லை. "கலை, பாரு... கலை, பாரு..." என்பதைத் தவிர அவன் வாயில் வேறு பேச்சில்லை. அவளும் நெற்றிமேல் கை வைத்து, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விமானம் திரும்பி இவர்களைப் பார்த்து வந்தது. எதிரே வந்தால் இடது வலதாகிவிடும். அது அவனுக்கு மறந்துவிட்டது. ஒரு பக்கம் சாய்ந்தது. பதறி எதிர்ப்பக்கம் திருப்பினான். இன்னும் சாய்ந்தது.

"கைய எடுபா!"

எடுத்துவிட்டான். தொட்டில் மாதிரி ஒருதரம் ஆடி, இன்னொருதரம் ஆடி, யாரும் பிடிக்காமல், தானாகவே நேரானது. நேராகி இவர்கள் தலைக்கு மேல் மெல்லிய இரைச்சலோடு கடந்து போனது. கிறிஸ்டோபருக்குக் கண் கலங்கிவிட்டது.

"வீடியோல அந்தாளு எத்தினி தபா சொல்றான், பயந்தா கைய எடுன்னு?"

அவன் மெதுவாகத் திரும்பினான். "எந்த வீடியோல?"

"ரிமோட்டக் குடு, சொல்றேன்."

கொடுத்துவிட்டான். ஏன் கொடுத்தான் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. முந்தானை மடிப்பைப் பிரிக்கிற நிதானத்தில் அவள் அதைப் பெரிய வட்டமாகத் திருப்பினாள். வேகத்தைக் குறைத்தாள். புல்நுனியைத் தடவிக்கொண்டு வந்து, அவர்கள் காலடிக்குப் பக்கத்தில் அது சாதுவாகப் படுத்தது.

"கலை! உனக்கு எப்டி?"

"உன் போனும் நம்ம வூட்டு டிவியும் ஒரே அக்கவுண்ட்டுல ஓடுது. நீ பஸ்ஸுல எதப் பாக்கறியோ, டிவியப் போட்டா அதுதான் அடுத்தடுத்து வருது. எல்லாத்தையும் பாத்தேன். போன்ல பழகறதுக்கு ஒரு கேமு கூட இருக்குது. கடையில ஆளு வராத நேரத்துல ஓட்டிப் பழகிக்கினேன்."

"அப்ப... மொதல் நாளே தெரியுமா?"

"நீ அட்டைய உள்ள எடுத்துக்கினு வரும்போதே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொல்லிருந்தா எனக்குக் குடில் கெடச்சிருக்குமா?"

கிறிஸ்டோபருக்குக் கோபம் வரவில்லை. சற்றுமுன் வானத்தைப் பார்த்த அதே பிரமிப்போடு அவளைப் பார்த்தான். போகட்டும், ரகசியம் தீர்ந்தது. இனி எல்லா ஞாயிறும் இங்கேதான், இந்தப் புல்வெளியில்தான், என்று மனசுக்குள் சிறகடித்தான்.

"பூசை முடிஞ்சப்ப ஃபாதரு கிட்ட நம்ம குடில் போட்டோவக் காமிச்சேன்பா," என்றாள் கலையரசி. "அசந்துட்டாரு. கோயிலுக்கும் ஒண்ணு ஆளு ஒசரத்துல வேணுமாம். கிறிஸ்துமஸ் வரைக்கும் எல்லா ஞாயித்துக்கெழமயும் நீ வருவேன்னு சொல்லிட்டேன்."

"ஞாயித்துக்கெழமயா? அப்ப ஏரோப்ளேனு?"

அவள் குனிந்து, மூக்கில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டு அதைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"அத நா பாத்துக்கறேன். நீ போய் மாட்டப் பாரு."