வெலிமிர் வாங்கிய பிளம் தோட்டம்

"பக்கத்து நிலத்துக்காரர் தனக்கு வேண்டாம்னு எழுதிக் குடுத்தாத்தான் உங்க பேருக்குப் பத்திரம்" என்றார் நோட்டரி அம்மா. "தோட்ட நிலம்னா வாங்குற முதல் உரிமை அவருக்குத்தான். சட்டம்."

நோவி சாட் நகரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வெலிமிருக்கு இது புதுச் செய்தி. மலைச்சரிவில் பிளம் தோட்டம் வாங்கி, மரக்குடில் போட்டு வாடகைக்கு விட்டால் ஆயுசுக்கும் காலாட்டிக்கொண்டு சாப்பிடலாம் என்று இணையத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். பக்கத்து நிலத்துக்காரரைப் பற்றி அந்தப் புண்ணியவான் மூச்சு விடவில்லை.

"அந்த ஆளு வாங்கிட்டா?" என்றாள் மனைவி டேசா. "எங்கம்மா ஃபிளாட்டை வித்துட்டு உக்காந்திருக்கோம்."

"நான் பேசிக்கறேன்."

வெலிமிர் இப்படிச் சொல்லும்போதெல்லாம் அவள் வங்கிக் கணக்கை ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை ராக்கியா என்ற பழச்சாராய பாட்டிலோடு போய் பக்கத்து நிலத்துக்காரர் ஒப்ராட்டின் கதவைத் தட்டினான். அவர் அந்தக் கடைச் சரக்கைப் பரிதாபமாகப் பார்த்து அலமாரியில் ஒதுக்கிவிட்டு, தான் காய்ச்சியதை ஊற்றினார்.

"அண்ணே, உங்க நல்லதுக்குச் சொல்றேன். அந்த நிலம் உங்களுக்கு வேண்டாம். மழை புடிச்சா மண்ணு சரியுது. தோட்டமே கீழ நழுவுதாம்."

ஒப்ராட்டின் கை பாதியில் நின்றது. "யாரு சொன்னா?"

"தெரிஞ்சவங்க."

"யோசிச்சுச் சொல்றேன் தம்பி."

யோசித்தார். வேலியோரம் நின்று அந்த நிலத்தையே வெறித்துப் பார்த்து யோசித்தார். மனுஷனுக்கு ஆசை வந்துவிட்டது என்று முடிவுகட்டினான் வெலிமிர். மறுபடி ஓடினான்.

"கிணறும் சரியில்லண்ணே. கோடையில அழுகுன முட்டை நாத்தம்."

ஒப்ராட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கையெழுத்து மட்டும் போடவில்லை.

வேறு வழியில்லாமல், நிலத்தை விற்கும் ஸாகோர்க்கா அம்மாவின் குடும்பத்திலேயே கை வைத்தான் வெலிமிர். "அந்தம்மாவோட அண்ணன் மகன் ஒருத்தன் வியன்னாவுல இருக்கான். பேரு ராட்கோ. பங்கு கேட்டு கோர்ட்டுக்குப் போகப்போறான். வழக்குன்னா அவனுக்கு அல்வா சாப்பிடுற மாதிரி."

ஒப்ராட் தன் கிளாஸைக் காலி செய்தார். பிறகு வெலிமிருடையதையும் எடுத்துக் காலி செய்தார். "நான் ஒதுங்கிக்கறேன் தம்பி. எழுதிக் குடுத்துடறேன்."

வெலிமிர் விசிலடித்துக்கொண்டே வீடு திரும்புவதற்குள் பேச்சு அவனை முந்திக்கொண்டு ஸாகோர்க்காவிடம் போயிருந்தது. போனில் பிடித்துக்கொண்டார்.

"என் நிலத்தைப் பத்தி ஊர்ல என்னென்னவோ பேசுறாங்க. நாளைக்கே நான் ஏமாத்திட்டேன்னு நீ என் மேல கேஸ் போடுவே. மண்ணு, கிணறு, அண்ணன் மகன், எல்லாம் தெரிஞ்சேதான் வாங்குறேன்னு பத்திரத்துல எழுது. இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"எழுதிட்டாப் போச்சும்மா."

டேசா இடுப்பில் கை வைத்தாள். "இல்லாத குறையைத் தெரியும்னு கையெழுத்துப் போடுவியா?"

"இல்லாத குறைதானே? பயமில்லாம போடலாம்."

பதில் அவளுக்கும் சரியாகத்தான் பட்டது. அதுதான் அவளை உறுத்தியது.

நோட்டரி அம்மா அந்தப் பத்தியை இரண்டாம் முறையும் சத்தமாக வாசித்தார். "இதுல போட்டுட்டா பின்னாடி ஒரு தினார்கூடத் திருப்பிக் கேக்க முடியாது. புரியுதா?"

"நல்லாப் புரியுது" என்று பூப்போட்ட மாதிரி கையெழுத்துப் போட்டான் வெலிமிர். டேசாவின் அம்மா ஃபிளாட் மொத்தமாக ஸாகோர்க்காவின் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. ஸாகோர்க்கா வாசலில்கூட நிற்கவில்லை. வயதுக்கு மீறிய வேகத்தில் பஸ் ஏறிவிட்டார்.

வாசலில் காத்திருந்த ஒப்ராட், வெலிமிரைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் மாற்றி மாற்றி முத்தமிட்டார். கண்கூடக் கலங்கியிருந்தது.

"வெளியாளுங்க காதுக்கு எட்டாம ஊரே சேர்ந்து இத்தனை வருஷமா மூடி வச்சதை, ஒண்ணு விடாம கண்டுபிடிச்சிட்டியே தம்பி" என்றார். "அந்த வியன்னாக்காரன் பேரு மட்டும் ராட்கோ இல்ல, பிராங்கோ."