காதுக்குப் பின்னால் ஒரு போலீஸ் ஸ்டேஷன்

போட்டோ ஸ்டுடியோக்காரரின் காதுக்குப் பின்னால் பட்டாணி அளவில் ஒரு கட்டி கிளம்பியிருந்தது. நாளெல்லாம் அடுத்தவர் நரையைக் கம்ப்யூட்டரில் கறுப்பாக்கித் தருகிறவர் அவர். அன்றைக்கு ஒரு நரையும் கறுக்கவில்லை. கை கட்டியை விட்டு வரவே மாட்டேன் என்றது.

தைலம் போட்டு அழுத்தித் தேய்த்தார். பட்டாணி கோலிக்குண்டு ஆயிற்று. மறைக்க மப்ளர் சுற்றினார். கொளுத்துகிற வெயிலில் மப்ளரைப் பார்த்தால் மனைவி சும்மா விடுவாளா?

"என்னங்க அது? காட்டுங்க."

"ஒண்ணுமில்ல, சளி."

"காதுக்குப் பின்னாடியா சளி பிடிக்கும்?"

தொட்டுப் பார்த்தவளின் முகம் வெளிறிப் போனது. "கிளம்புங்க டாக்டர்கிட்ட. நானும் வர்றேன்."

பல்வலிக்குக்கூடத் துணைக்கு வராதவள்! அந்தக் கரிசனம்தான் அவரைப் பயமுறுத்தியது.

நோயாளியாகத் தெரியக் கூடாதே என்று குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு தலைக்கு இன்னொரு சுற்று டை அடித்தார். மண்டை திகுதிகுவென்று எரிந்தது. "எங்க வம்சத்துல யாருக்கும் நரைக்காது" என்று கல்யாணமான நாளிலிருந்து பீற்றிக்கொண்டவர், வேறென்ன செய்வார்? பாட்டில் இருப்பது பழைய கேமராப் பெட்டிக்குள். வரவரச் சீக்கிரம் காலியாகிறது. கம்பெனிக்காரன் அளவைக் குறைத்துவிட்டான் என்று திட்டிக்கொண்டார்.

டாக்டரம்மா தடவிப் பார்த்தார்.

"நெறி கட்டியிருக்கு. இது திருடன் இல்ல சார், போலீஸ் ஸ்டேஷன். பக்கத்துல எங்கயோ கிருமி புகுந்திருக்கு. நிணநீர் அதை இங்க இழுத்துட்டு வந்திருக்கு. வெள்ளணுக்கள் கூடி நின்னு அடிக்குது, அதான் வீக்கம். தலையில புண்ணு, அரிப்பு ஏதாவது?"

"சேச்சே!" தலையை நோக்கி வந்த கையிலிருந்து அவர் நழுவினார். "கூச்சம் டாக்டர்."

"திருடன் எங்க புகுந்தான்னு தெரியலைன்னா, துளி வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டி வரும்."

"வெட்டணுமா? ரொம்ப வலிக்குமா டாக்டர்? உயிருக்கு ஒண்ணும்..." மனைவியின் கண்ணில் நீர் முட்டியது.

அவள் கண்ணீரை அவரால் தாங்க முடியவில்லை. நமக்காக இப்படித் துடிக்கிறவளையா இத்தனை வருஷம் ஏமாற்றினோம்? மானம் போனால் போகட்டும்.

"டாக்டர், நான் டை அடிக்கிறேன். கேமராப் பெட்டியில ஒளிச்சு வச்சிருக்கேன். மண்டையெல்லாம் புண்ணு." மனைவி பக்கம் திரும்பாமலே சொல்லி முடித்தார்.

டாக்டரம்மா முடியை விலக்கிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "அதை முதல்ல தூக்கிப் போடுங்க. மருந்து தர்றேன். புண் ஆறினா நெறி தானா வத்திடும்."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கூந்தலை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் ஒரு பட்டாணியைக் காட்டினாள்.

"அப்போ இதுக்கும் அந்தக் கேமராப் பெட்டி பாட்டில்தான் காரணமா டாக்டர்?"