ஏழடிக்கு ஓர் இடம்

ஏழடி ஓர் அங்குல உயரத்தின் விலை வருடத்துக்கு நாற்பதாயிரம் டாலர், கூடவே ஒரு பிக்கப் வண்டி. உயரம் கடவுள் கொடுத்தது, அதற்கு ஏது விலை என்று கேட்கிறவர்கள் தெற்கு டகோட்டாவில் கூடைப்பந்து அணி நடத்திப் பார்த்ததில்லை.

அந்த உயரத்துக்குச் சொந்தக்காரன் உல்மர் என்ற பையன். வேறொரு கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்தவன், அங்கே ஒத்துவரவில்லை என்று ஏப்ரல் மாதம் போர்ட்டலில் பெயர் போட்டுவிட்டான். கல்லூரி மாற நினைக்கும் ஆட்டக்காரன் அந்த இணையப் பக்கத்தில் பெயரைப் போட்ட மறுநிமிடம் நாடெங்கும் பயிற்சியாளர்கள் ஃபோனைத் தூக்கிவிடுவார்கள். ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடியில்கூட அப்படிக் கூட்டம் முட்டாது.

பணத்துக்குத் தீவன ஆலை முதலாளி ஹாஸி பொறுப்பேற்றுவிட்டார். இல்லாதது இடம்தான்.

"உதவித்தொகை பதிமூணு. லாக்கர் பதிமூணு. பதிமூணுலயும் ஆள் இருக்கான்," என்றார் தலைமைப் பயிற்சியாளர் டாலஃப்சன். "ஒருத்தன் எந்திரிச்சாத்தான் உல்மர் உக்கார முடியும்."

எதிரே உட்கார்ந்திருந்த லோவல், போன இலையுதிர் காலத்தில் வேலைக்கு வந்த உதவிப் பயிற்சியாளன். "யாரு கோச் எந்திரிக்கணும்?"

"வென்டெல்."

"நல்ல பையன்."

"நல்ல பையந்தான், யாரு இல்லன்னா? மூணு வருஷத்துல மொத்தமா பதினோரு நிமிஷம் ஆடிருக்கான். அதுலயும் பாதி ஷூ கயிறு கட்டறதுல போச்சு."

"நீங்களே சொல்லிரலாமே, கோச்."

"நான் சொன்னா விரட்டின மாதிரி இருக்கும். நீ சொன்னா அக்கறை மாதிரி இருக்கும்." டாலஃப்சன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உல்மர் வெள்ளிக்கிழம வரைக்கும் காத்திருப்பான். உன் ஒப்பந்தமும் வெள்ளிக்கிழமதான் என் மேசைக்கு வருது. ரெண்டையும் நான் முடிச்சுப் போடல. சும்மா சொன்னேன்."

லோவலுக்கு இது எட்டு வருடத்தில் ஐந்தாவது ஊர். மனைவி மார்னி மற்ற ஊர்களில் எல்லாம் படங்களைச் சுவரோரமாகச் சாய்த்தே வைத்திருந்தாள். இந்த ஊருக்கு வந்த பிறகுதான் ஆணி வாங்கிவந்து அடித்து மாட்டினாள். அந்த ஆணிகள் சுவரிலேயே இருக்கவேண்டும் என்பதைத் தவிர லோவலுக்கு வேறு பெரிய ஆசை கிடையாது.

அன்றைக்கே வென்டெலைக் கஃபேக்குக் கூட்டிப்போனான்.

அந்தப் பக்கத்தில் கெட்ட செய்தியை யாரும் நேராகச் சொல்வதில்லை. முதலில் வானிலை பேசவேண்டும், பிறகு சாலை. அதற்குள் உள்ளங்கை அகலத்துக்குக் கேரமல் ரோல் என்ற பாகு ரொட்டி ஒன்று வந்துவிடும். அது தீர்ந்த பிறகு செய்தியை மேசையின் நடுவில் மெதுவாக வைக்கவேண்டும். எடுத்துக்கொள்வது எதிராளியின் வேலை.

"பனி இன்னும் விடல," என்றான் லோவல்.

"விடல, கோச்."

"ரோடு வழுக்குது."

"வழுக்குது, கோச்."

ரோல் தீர்ந்தது. லோவல் இன்னொன்று கொண்டுவரச் சொன்னான். அதுவும் தீர்ந்தது.

"உல்மர்னு ஒரு பையன் வர்றதாக் கேள்விப்பட்டிருப்ப."

"ஏழடி ஒண்ணு. அவன் வந்தா நம்ம டீம் எங்கயோ போயிரும், கோச்."

"வரணும்னா உதவித்தொகைல ஒரு எடம் காலியாகணும். யாராவது ஒருத்தர் பெரிய மனசு பண்ணணும். விரட்டறது நம்ம வழக்கம் இல்ல. அவங்களுக்கே தோணணும். வேற எடத்துல நெறைய ஆடலாம், வீட்டுக்குப் பக்கத்துல இருக்கலாம், இந்த மாதிரி."

வென்டெல் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "இத என்கிட்ட சொல்றதுக்கு உங்களுக்கு எவ்வளவு சங்கடமா இருந்திருக்கும்."

லோவல் தட்டில் ஒட்டியிருந்த பாகைச் சுரண்டினான்.

"நீங்க கவலப்படாதீங்க, கோச். நாளைக்குள்ள முடிச்சுத் தர்றேன்."

இப்படியும் ஒரு பிள்ளையா என்று லோவல் வீடு போகும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே போனான்.

மறுநாள் காலை போர்ட்டலில் புதிதாக ஒரு பெயர் இருந்தது. டேவியன். அணியில் பந்தை எடுத்துப்போய் மற்றவர்களை ஆட்டுவிப்பவன். அவன் இல்லாத நாளில் மற்றவர்கள் கல்யாணத்துக்கு வந்த ஒன்றுவிட்ட உறவினர்கள் போல ஆளுக்கொரு மூலையில் நிற்பார்கள்.

"ஆடற பல்லப் புடுங்கச் சொன்னேன்," என்றார் டாலஃப்சன். "நீ தாடையையே கழட்டிட்டு வந்திருக்க."

லோவல் விடுதிக்கு ஓடினான். டேவியன் பெட்டியில் ஷூக்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"உனக்கு இங்க என்னப்பா கொறச்சல்?"

"கொறச்சல்னு இல்ல, கோச். நேத்து வென்டெல் வந்து பேசிக்கிட்டிருந்தான். மெம்ஃபிஸ்ல எங்கம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டான். இந்த ஊருக்கு வந்ததுலருந்து யாரும் என்கிட்ட அதக் கேட்டதில்ல." கொஞ்சம் நிறுத்தி, "நீங்களும்தான்," என்றான்.

வென்டெல் மைதானத்தில் பந்துகளைத் துடைத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னப்பா பண்ணி வெச்சிருக்க?"

"நீங்க சொன்னதத்தான், கோச். அவன் அம்மாவ நெனச்சுத் தூங்காமக் கெடந்தான். அவனுக்கே தோணற மாதிரிப் பேசினேன்."

"நான் மனசுல வெச்சிருந்தது வேற ஆளு, வென்டெல்."

பையன் முகம் வாடிவிட்டது. "தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனா? யாருன்னு சொல்லிருங்க. நானே பேசறேன்."

லோவல் அந்த முகத்தைப் பார்த்தான். அதில் கள்ளம் தேடினான், அகப்படவில்லை. சொல்ல வாயெடுத்தான், அதுவும் வரவில்லை. "அது உனக்கே தோணணும்," என்று முனகிவிட்டு வந்தான்.

சாயங்காலத்துக்குள் வென்டெலுக்கு இரண்டு பேர் தோன்றிவிட்டார்கள். ஒருவனுக்கு டெக்சாஸ் வெயில் உடம்புக்கு நல்லது. மற்றவனுக்கு ஓமாஹாவில் காதலி. இருவர் பெயரும் போர்ட்டலில் ஏறியாயிற்று.

"நான் அவன விரட்டப் போனா, அவன் மத்த எல்லாரையும் விரட்டிக்கிட்டிருக்கான்," என்றான் லோவல் வீட்டில். "பாத்தா பால்குடி மாதிரி இருக்கான். பெரிய எமகாதகன்."

மார்னி சுவரைப் பார்த்தாள். "ஆணியப் புடுங்கட்டுமா?"

"கொஞ்சம் பொறு."

முதல் வேலை டேவியனைத் திருப்புவது. லோவல் ஹாஸிக்கு ஃபோன் போட்டான்.

"வண்டிய ஏழடிக்காரனுக்குன்னுல்ல வெச்சிருக்கேன்," என்றார் ஹாஸி. "இவன் எவ்வளவு?"

"ஆறடி ஒண்ணு."

"அப்ப சின்ன வண்டி."

பேரம் படிந்தது. சின்ன வண்டியை விற்றுவிட்டார்கள் என்பதால் பெரியதே வந்தது. புதன்கிழமை மத்தியானம் டேவியன் போர்ட்டலிலிருந்து பெயரை எடுத்துவிட்டு, பளபளவென்று ஒரு சிவப்பு வண்டியை விடுதி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். அம்மாவைக் கூட்டிவந்து ஊரைச் சுற்றிக்காட்டப் போகிறானாம். லோவல் ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டான்.

வியாழக்கிழமை காலை அவன் அறை வாசலில் வரிசை நின்றது. ஒன்பது பேர். அத்தனை பேரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாக நின்றார்கள்.

"எல்லாரும் போர்ட்டல்ல பேர் போட்டிருக்கோம், கோச்," என்றான் முதலில் நின்றவன். "எனக்கு வெள்ளை வண்டி மட்டும் வேணாம். சேறு தெரியும்."

"வண்டிக்காகவா பேர் போட்டீங்க?"

"அதான வழி? டேவியனப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டோம்."

பின்னாலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான். "நாய் உக்கார எடம் இருந்தாப் போதும், கோச், எனக்கு."

ஹாஸிக்குச் செய்தி போயிற்று. "நான் வெச்சிருக்கறது தீவன ஆலை. வண்டிக் கடை இல்ல," என்று சொல்லி, உல்மருக்கு வைத்திருந்த பணத்தையும் சேர்த்துப் பையை இறுக்கிக் கட்டிவிட்டார். பத்து மணிக்கு உல்மரே கூப்பிட்டான்.

"கோச், உங்க டீம்ல எல்லாருமே கெளம்பறாங்க போல. அங்க தண்ணி கிண்ணி சரியில்லையா?"

"தண்ணியெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"சரி, கோச். நான் வேற எடத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். அம்மா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க."

மிஞ்சியது டேவியனும் வென்டெலும். டாலஃப்சன் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. எழுந்து லாக்கர் அறைக்குப் போனார், லோவல் பின்னாலேயே போனான். வென்டெலின் லாக்கர் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு காலுறைகூட இல்லை.

"இவனும் போயிட்டான்," என்றார் டாலஃப்சன். "நாளைக்குப் பத்திரிகைக்காரங்க வருவாங்க. ரெண்டு பேர் இருந்தா ஒருத்தன் போடுவான், ஒருத்தன் புடிப்பான்னு சொல்லிச் சமாளிக்கலாம். டேவியன் பந்தத் தனக்கே போட்டுக்க முடியாது. போ. கால்ல விழுந்தாவது கூட்டிக்கிட்டு வா. வெறுங்கையோட வர்றதா இருந்தா, அந்த வழியா அப்படியே ஊருக்குப் போயிரு."

வென்டெலின் பண்ணை நான்கு மணிநேர ஓட்டம். வழி முழுக்க லோவல் யோசித்துக்கொண்டு வந்தான். ஒப்பந்தம் போனது போனதுதான். ஆனால் ஒரு பையனை மூன்று நாளாக வெளியே தள்ளப் பார்த்துவிட்டு, அவன் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆணியைப் பிடுங்கலாம், அந்த ஓட்டையைச் சுவர்மாவு வைத்து அடைத்தும் விடலாம். இதற்கு என்ன வைத்து அடைப்பது?

கொட்டகையில் அப்பாவும் பிள்ளையும் வைக்கோல் நடுவே மண்டியிட்டிருந்தார்கள். அப்போதுதான் பிறந்த கன்று ஒன்று, நிற்பதா வேண்டாமா என்று கால்களோடு ஆலோசனை செய்துகொண்டிருந்தது. வென்டெலின் அப்பா ஆர்லோ வாளித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

"பனி இன்னும் விடல," என்றார்.

"இன்னிக்கு வானிலை வேணாங்க," என்றான் லோவல்.

ஆர்லோ திகைத்துப் போனார். அந்த மாவட்டத்தில் அப்படி ஒரு வாக்கியத்தை அவர் கேட்டதே இல்லை. கால்சட்டை போடாமல் ஒருவன் வந்து நின்றாற்போலக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

லோவல் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தான். "உங்க பையன வெளிய அனுப்பச் சொன்னாங்க. ஏழடிக்காரனுக்கு எடம் வேணும்னு. எனக்கு வேலை முக்கியம், அதனால சரின்னேன். நேராச் சொல்லவும் தைரியம் இல்ல. ரெண்டு கேரமல் ரோல் வாங்கிக் குடுத்துட்டு, அவனாவே போயிருவான்னு பாத்தேன். அது ரொம்பத் தப்புங்க. வென்டெல், நீ எங்கயும் போக வேணாம். படிப்பு முடியற வரைக்கும் உன் உதவித்தொகைல யாரும் கை வெக்க மாட்டாங்க. வெக்க வந்தா என் வேலை போனாலும் பரவால்ல, நான் நிப்பேன்."

கன்று எழுந்து நின்றது. உடனே விழுந்தது.

"நான் எங்கயும் போகலையே, கோச்," என்றான் வென்டெல். "கன்னு போடற காலம். அப்பாவுக்கு ஒத்தாசைக்கு வந்தேன். துணியெல்லாம் தொவைக்கறதுக்கு எடுத்துக்கிட்டு வந்தேன். திங்கக்கிழம வந்துருவேன்."

லோவல் அப்படியே வைக்கோலில் உட்கார்ந்துவிட்டான்.

வென்டெல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப அன்னிக்குக் கஃபேல நீங்க சொன்னது என்னையா? ஆனா கோச், விட்டுக் குடுக்க என்கிட்ட என்ன இருக்கு? அது இருக்கறவங்ககிட்டதான நான் போய்ப் பேசினேன்."

லோவல் ஒன்றும் புரியாமல் அப்பாவைப் பார்த்தான்.

ஆர்லோ கையைத் துண்டில் நிதானமாகத் துடைத்தார். கன்றைத் தூக்கித் தாயின் மடியருகே விட்டார். பிறகு, சந்தைக்கு வந்த வியாபாரியிடம் பேசுகிற சன்னமான குரலில் சொன்னார்:

"இவனுக்கு யாரும் ஒரு காசு உதவித்தொகை குடுத்ததில்ல தம்பி, வருஷத்துக்கு ஆறு காளைக்கன்ன வித்து நான்தான் கட்டிக்கிட்டிருக்கேன், உங்க பதிமூணுல ஒரு எடம் மூணு வருஷமாச் சும்மா கெடந்துச்சுன்னா, பெரிய கோச்சுகிட்ட சொல்லுங்க, பதினெட்டுக் கன்னு எனக்கு வரவேண்டியிருக்கு."