வெற்றிலை வைத்து அழைக்கும் அட்மின் மாமா

போன் குரூப்பில் ஆள் சேர்க்க வெற்றிலை பாக்குத் தட்டோடு வீடு வீடாக ஏறி இறங்கிய மனுஷன் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் திண்டுக்கல் தெருவில் இருக்கிறார். மாரியம்மன் மேல் சத்தியம், கூட்டிச் சொல்லவில்லை.

நிஜப்பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். எங்களுக்கு அவர் அட்மின் மாமா. கோயில் காரியத்துக்காகத் தெரு குரூப் ஆரம்பித்தபோது, "நம்பரக் குடுங்க மாமா, ஒரே அமுக்குல எல்லாரையும் சேத்துரலாம்" என்றேன். முறைத்தார்.

"ஏன் அப்பு, ஒருத்தர கேக்காமப் புடிச்சு வீட்டுக்குள்ள தள்ளுவியா? மொறையா அழைக்க வேணாமா?"

அழைத்தார். தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு சிறுமலைப் பழம். "குடும்பத்தோட குரூப்புக்கு வந்துருங்க" என்று கும்பிட்டார். கல்யாணம் என்று நினைத்து, "மாப்பிள்ளை எந்த ஊரு?" என்று விசாரித்தவர்களும் உண்டு.

ஒருநாள் அவர் போட்ட காலை வணக்கத்துக்கு நான் கட்டை விரல் படம் போட்டுவிட்டேன். வீட்டுக்கே வந்துவிட்டார். "வாசல்ல வந்து நிக்கிறவன வாங்கன்னு சொல்லுவியா, வெரல ஆட்டுவியா அப்பு?" என் மனைவி காபி கொடுத்த பிறகுதான் சமாதானமானார்.

இப்படி இருக்கையில், திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு இடி விழுந்தது. பூக்கடை தங்கம் அக்காதான் முளைப்பாரிக் கும்மிக்கு எப்போதும் முதல் பாட்டு. அந்த வருஷம் புதுசாய்ப் பாட்டுக் கட்டி, பாடி, குரூப்பில் போட்டது. பாட்டு பத்து நிமிஷம். எங்கள் கட்டை விரல்களோ அந்த நிமிஷமே வரிசைகட்டிவிட்டன.

மறுநாள் காலையில் போனில் இருந்தது: "தங்கம் வெளியேறினார்."

மாமா பதறிப்போனார். "போயிட்டு வாரேன்னு சொல்ல ஒரு பட்டன் வைக்கலையே இதச் செஞ்சவன்! வெளியேறினார்னு தெருவுக்கே தண்டோரா போடுறானே!"

தட்டைத் தூக்கினார். பின்னாலேயே நானும் போனேன். அக்கா பூக்கட்டும் கையை நிறுத்தவில்லை.

"வரமாட்டேன் மாமா. பாட்டு ஓடி முடியுமுன்னயே வெரல் வந்துருச்சு. கேக்காத தெருவுக்கு எதுக்குப் பாட்டு? கும்மிக்கும் வேற ஆளப் பாத்துக்கங்க."

அக்கா பாடாமல் அம்மனுக்கு முளைப்பாரியா! மாமா தட்டை என் கையில் கொடுத்தார். நேரே கோயிலுக்குப் போனார். மைக்செட்டைப் போட்டு, போனை அதன் வாயில் வைத்து, பாட்டை ஓடவிட்டார். தெரு முழுக்கத் தங்கம் அக்கா குரல். குழாயடியில் நின்றவர்கள் குடத்தை இறக்கி வைத்தார்கள். யாரோ கை தட்ட, செத்த நேரத்தில் தெருவே கும்மியடித்தது.

கையில் பூப்பந்தோடு அக்கா ஓடி வந்தது.

"அய்யோ, நிறுத்துங்க மாமா! அந்த எடத்துல தொண்ட கட்டிருச்சு! நானே பாடுறேன்!"

பாடியது. அன்று சாயங்காலமே குரூப்புக்கும் திரும்பியது. மாமா போனுக்கு ஆரத்தி எடுத்தார்.

போன மாதம் ஒரு காலை, சாமி கும்பிட்டுவிட்டுக் குரூப்பைத் திறந்தால், "அட்மின் மாமா வெளியேறினார்." தெருவே தட்டோடு கிளம்பியது, தங்கம் அக்கா முன்னால்.

மாமா குளித்து, திருநீறு பூசி, புது வேட்டியோடு வாசலில் நின்றார்.

"புதுப் போனு அப்பு. தெரியாம வெரல் பட்டுருச்சு."

உள்ளே பாய் விரித்திருந்தது. அடுப்பில் தெருவுக்கே காணும் அளவுக்குக் காபி கொதித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகும் இரண்டு தரம் பட்டுவிட்டது. விரல்தானே, படத்தான் செய்யும். எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் வெற்றிலை தீர விடுவதில்லை.